பழுதாகாத சாலைக்கு முதலில் பணம் கொடுங்கள்

சாலைகளுக்கு நிதி ஒதுக்குகிறவர்களுக்கும் அந்த நிதியைச் செலவிடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நிதித்துறையில் கோப்பு பார்ப்பவர், சாலைத்துறையில் எஸ்டிமேட் போடுபவர், உள்ளாட்சி மன்றத்தில் பட்ஜெட்டுக்குக் கை தூக்குபவர் என மூவரையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு சாலைப் பராமரிப்புக்குப் பணம் பிரிக்கும்போது, யாரும் புகார் செய்யாத சாலைகளுக்கு முதல் பங்கை எடுத்து வையுங்கள். அந்தச் சாலைகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வண்டி குலுங்காது. மனு எதுவும் வந்திருக்காது. அவற்றுக்குத்தான் கேட்கிறேன்.

கேட்டவுடன் தப்பாகத் தோன்றும், தெரியும். குண்டும் குழியுமாகக் கிடக்கும் சாலையை விட்டுவிட்டு நல்ல சாலைக்கு எதற்குச் செலவு என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். நான் சாலை ஆய்வுப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். கையில் ஒரு நோட்டும் அளவுகோலும் வைத்துக்கொண்டு, கிலோமீட்டர் கிலோமீட்டராக நடந்து விரிசல்களைக் குறித்திருக்கிறேன். அப்படி நடந்து நடந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

புதிதாகப் போட்ட தார்ச்சாலை முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுத் தார் தன் நெகிழ்வை இழந்துகொண்டே வரும். இறுகி, நொறுங்கும் பதத்துக்கு வந்ததும் மேலே மயிரிழை போல ஒரு விரிசல் விழும். காரில் போகிறவருக்கு அது தெரியாது. நடந்து போகிறவரும் குனிந்து பார்த்தால்தான் உண்டு. தண்ணீருக்கு அந்த வழி போதும். உள்ளே இறங்கிய நீர் ஜல்லி அடுக்கையும் அதற்குக் கீழே உள்ள மண்ணையும் நனைக்கும். நனைந்த மண் பாரம் தாங்காது. லாரிச் சக்கரம் ஏறும் ஒவ்வொரு முறையும் சாலை கொஞ்சம் அமுங்கி எழும். அந்த அழுத்தத்தில் உள்ளே தேங்கிய நீர் நுண்மண்ணையும் வாரிக்கொண்டு விரிசல் வழியே வெளியே பீய்ச்சும். மழை விட்ட பிறகு விரிசலின் ஓரத்தில் சேறு படிந்திருந்தால், அடியில் மண் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்புறம் ஒற்றை விரிசல் வலை போலப் பரவும். முதலைத் தோல் விரிசல் என்று சாலைப் பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். வலையில் ஒரு துண்டு பெயர்ந்தால் குழி. குழியில் தண்ணீர் நின்றால் பக்கத்திலும் குழி. குளிர் நாடுகளில் இன்னும் மோசம்: உள்ளே போன நீர் உறைந்து விரிந்து சாலையையே தூக்கிவிடும், வசந்தத்தில் உருகும்போது அடித்தளம் கூழாகிக் கிடக்கும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துச் சாலைப் பொறியாளர் ஜான் லவுடன் மெக்ஆடம் சொன்ன அடிப்படை விஷயம் இன்றும் மாறவில்லை. வண்டியின் பாரத்தைக் கடைசியில் தாங்குவது இயற்கையான மண்தான். அது உலர்ந்திருக்கும் வரை எந்தப் பாரத்தையும் தாங்கும். நாம் மேலே போடுவதெல்லாம் அந்த மண்ணுக்கு ஒரு கூரை. வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கினால் அந்த வாரமே ஏறிப் பார்க்கிறோம். சுவர் ஊறி இடிந்து விழட்டும், அப்போது சேர்த்துச் செலவு செய்யலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை. சாலையில் மட்டும் அப்படித்தான் காத்திருக்கிறோம்.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சாலையில் விரிசல் அடைப்பதற்கும், அடைபட்ட ஓர வடிகாலைத் தூர் வாருவதற்கும் சிறிய எஸ்டிமேட் ஒன்று தயாரித்து மேலே அனுப்பினேன். சில வாரங்களில் திரும்பி வந்தது. ‘சாலை நல்ல நிலையில் உள்ளது, தற்போது அவசியமில்லை’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். எழுதியவர் பொய் சொல்லவில்லை. சாலை அன்று நல்ல நிலையில்தான் இருந்தது. அதனால்தானே அந்தச் சிறிய தொகையே போதும் என்று கேட்டிருந்தேன். இரண்டு மழைக்காலம் போனது. மூன்றாவதுக்கு முன்பே நடுவில் ஒரு நீளப் பகுதி உட்கார்ந்துவிட்டது. அடித்தளம் வரை தோண்டி எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தது. இந்த முறை எஸ்டிமேட் ஒரே மாதத்தில் ஒப்புதலாகி வந்தது, ஏனென்றால் இப்போது பழுது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பழைய கோப்பைத் தேடி எடுத்து இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

என் அனுபவம் ஒரு சாலை. உலக அளவில் பார்த்தவர்கள் சொல்வதையும் கேளுங்கள். பராமரிப்பை மூன்று ஆண்டு தள்ளிப்போட்டால் சரிசெய்யும் செலவு 6 மடங்காகும், ஐந்து ஆண்டு தள்ளிப்போட்டால் 18 மடங்காகும் என்று தென்னாப்பிரிக்காவின் தேசியச் சாலை நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 1988இல் உலக வங்கி தன்னிடம் சாலைக் கடன் பெற்ற 85 நாடுகளின் நிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நகரங்களுக்கு வெளியே இருந்த தார்ச்சாலைகளில் நான்கில் ஒரு பங்கை மறுபடி கட்ட வேண்டிய நிலை. பராமரிக்காததால் இழந்த சாலைகளின் மதிப்பு சுமார் 4,500 கோடி டாலர். காலத்தில் 1,200 கோடிக்கும் குறைவாகச் செலவழித்திருந்தால் அந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம். அந்த நாடுகள் எவையும் பணக்கார நாடுகள் அல்ல. கடன் வாங்கிப் போட்ட சாலை மண்ணாகிப் போன பிறகும் கடன் மட்டும் மிச்சமிருந்தது.

பராமரிப்புச் செலவை வெட்டினால் அந்தப் பணம் அரசுக்கு மிச்சமாகிறது என்று நினைப்பதிலும் பிழை இருக்கிறது. பராமரிப்பில் ஒரு டாலர் குறைத்தால் வண்டி ஓட்டுகிறவர்களின் செலவு இரண்டு முதல் மூன்று டாலர் வரை கூடும் என்பது அதே காலத்து உலக வங்கிக் கணக்கு. டயர், ஸ்பிரிங், கூடுதல் எரிபொருள், வீணாகும் நேரம். இவை எந்த அரசுக் கணக்கிலும் ஏறாது. ஆனாலும் அதே மக்கள்தான் தங்கள் பையிலிருந்து கொடுக்கிறார்கள். ஆம்புலன்ஸ் மெதுவாகப் போவதன் விலையை நான் இங்கே பணத்தில் எழுதப் போவதில்லை.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் ஏன் நடப்பதில்லை? உங்களைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. பராமரிப்பு என்பது கண்ணில் படாத வேலை. புதிய சாலைக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, அதில் பெயர் உண்டு. விரிசல் அடைத்ததற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? நன்றாகப் பராமரித்தால் எதுவுமே நடக்காதது போலத்தான் இருக்கும். எங்காவது வெட்டியாக வேண்டும் என்று வரும்போது எதிர்ப்பே வராத தலைப்பாகப் பராமரிப்பு நிற்கிறது. ஆசிரியர் சம்பளத்தை வெட்டினால் அன்றைக்கே தெரியும். சாலைப் பராமரிப்பை வெட்டினால் நான்கைந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும், அப்போது வெட்டியவர் வேறு பதவியில் இருப்பார். இன்னொன்று, கணக்குத் தலைப்புகள். கட்டுமானம் மூலதனச் செலவாகவும் பராமரிப்பு அன்றாடச் செலவாகவும் எழுதப்படுகிறது. முதலாவதற்குக் கடன் கிடைக்கும், மானியம் கிடைக்கும். இரண்டாவதற்குக் கொடுப்பார் இல்லை. ஆக, ஒரு சாலையைச் சாகவிட்டு மறுபடி கட்டுவதற்குப் பணம் கிடைப்பது, அதை உயிரோடு வைத்திருக்கக் கிடைப்பதைவிடச் சுலபமாக இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நாம்தான் எழுதி வைத்திருக்கிறோம், நாம்தான் மாற்ற வேண்டும்.

இதற்காகத்தான் சாலைக்கென்று தனி நிதி வேண்டும் என்ற யோசனை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அது எப்படியெல்லாம் கைவிடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1909இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் பெட்ரோலுக்கும் மோட்டார் வண்டிக்கும் வரி போட்டபோது, வரும் பணம் சாலைக்கே போகும் என்று சொல்லித்தான் வாகனக்காரர்களைச் சம்மதிக்க வைத்தார். 1920இல் சாலை நிதியம் என்றே ஒன்று அமைந்தது. 1926இல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதில் சேர்ந்த பணத்திலிருந்து பொதுச் செலவுக்கு எடுத்தார். 1937இலிருந்து வண்டி வரி நேராகப் பொதுக் கருவூலத்துக்கே போனது. பல ஆப்பிரிக்க நாடுகளில் 1990களில் புதிய வகைச் சாலை நிதியங்கள் உருவாயின. எரிபொருள் மீது ஒரு கட்டணம், தனிக் கணக்கு, சாலையைப் பயன்படுத்துகிறவர்களும் உட்காரும் வாரியம் என்று முன்பைவிடக் கவனமாக வடிவமைத்தார்கள். கானா 1997இல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. 2017இல் அதே நாடு, தனியாக ஒதுக்கப்பட்ட நிதிகள் எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு போட்டு இன்னொரு சட்டம் இயற்றியது. இரண்டு நாடுகளிலும் பணத்தை எடுத்தவர்கள் அதற்குக் காரணம் வைத்திருந்தார்கள். காரணம் எப்போதும் இருக்கும். ஆகவே தனி நிதி என்று அறிவித்தால் மட்டும் போதாது. அதிலிருந்து எடுப்பதற்கு மன்றத்தில் வெளிப்படையாக வாக்கெடுப்பு நடக்க வேண்டும், எடுத்த தொகையால் எந்தெந்தச் சாலைகளின் வேலை நின்றது என்ற பட்டியல் அதே நாளில் வெளிவர வேண்டும். எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பஞ்சம் வரலாம், பெருந்தொற்று வரலாம். ஆனால் சத்தமில்லாமல் எடுக்கக் கூடாது.

நிதித்துறையிலிருந்து வரும் மறுப்பு எனக்குத் தெரியும். ஒவ்வொரு துறையும் தனக்கென்று உண்டியல் வைத்துக்கொண்டால் அரசு எதை வைத்து முன்னுரிமை தீர்மானிக்கும் என்பார்கள். நியாயமான கேள்வி. தனி நிதியம் இல்லாமலும் இதைச் செய்ய முடியும் என்பதே என் பதில். தேவையானது ஓராண்டைத் தாண்டிய உறுதி. இங்கிலாந்தில் பெருஞ்சாலைகளுக்கு 2015 முதல் 2020 வரை என்று ஐந்தாண்டுக்கான தொகையைச் சட்டப்படி முன்கூட்டியே அறிவித்தார்கள். பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் உலர்காலத்தில் விரிசல் அடைக்க ஆட்களைத் திரட்ட முடியும். நிதியாண்டின் கடைசி மாதத்தில் வந்து, அந்த மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டிய பணம், தேவையான சாலைக்குப் போகாது. டெண்டர் தயாராக இருக்கும் சாலைக்குப் போகும். அப்படி மழைக்கு நடுவில் தார் ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஈரக் குழியில் ஊற்றிய தார் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

சரி, பணம் எங்கிருந்து வரும்? எரிபொருள் வரிதான் இதுவரை பெரும் வழி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம்தான் 1919இல் அந்த நாட்டிலேயே முதலில் பெட்ரோலுக்குச் சாலை வரி போட்டது, ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) ஒரு சென்ட். அதிகம் ஓட்டுகிறவர் அதிகம் எரிப்பார், அதிகம் கொடுப்பார். எளிமையான, ஏறக்குறைய நியாயமான வழி. ஆனால் அதற்கு இரண்டு நோய்கள் உண்டு. விலைவாசி ஏறும்போது வரி தானாக ஏறாது. அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993இல் கேலனுக்கு 18.4 சென்ட் என்று வைத்தார்கள், அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அதைத் தொடவே இல்லை. 1956இல் ஏற்படுத்திய நெடுஞ்சாலை நிதியம் தன் காலில் நிற்க முடியாமல் 2008 முதல் பொது நிதியிலிருந்து பணம் வாங்க ஆரம்பித்தது. இரண்டாவது நோய், வண்டிகள் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தொடங்கியது. மின்வண்டி பெட்ரோலே வாங்குவதில்லை, ஆனாலும் அதே சாலையில்தான் ஓடுகிறது. வரியைத் தொடங்கி வைத்த ஓரிகனே 2015இல், விருப்பமுள்ளவர்கள் ஓடிய மைலுக்குக் கட்டணம் செலுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. நியூசிலாந்து இதில் முன்னோடி. 1978 முதலே டீசல் வண்டிகள் அங்கே எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பச் சாலைக் கட்டணம் செலுத்துகின்றன. 2024 ஏப்ரல் முதல் மின்கார்களையும் அதில் சேர்த்துவிட்டார்கள். மின்வண்டிகள் பெருக வேண்டும் என்று விரும்புகிறவன்தான் நான். அவை பெருகும்போது சாலை நிதி வறண்டுபோகக் கூடாது என்பதும் என் விருப்பம். இரண்டுக்கும் சேர்த்து இப்போதே திட்டமிட வேண்டும்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பொதுவாக யாரும் பேசாத இடம் இது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற சிறு நகரத்துக்கு அருகில் ஒரு சோதனை நடத்தினார்கள். வெவ்வேறு கனத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றின் மேல் இராணுவ ஓட்டுநர்கள் லாரிகளை இரவு பகலாக ஓட்டினார்கள். இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டைத்தான் அச்சு என்கிறோம்; 11 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை அச்சுப் பாரம் ஏறி இறங்கியது. அதிலிருந்து கிடைத்த முடிவு, சாலைக்கு வரும் சேதம் அச்சின் எடையோடு நேராக ஏறுவதில்லை, ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பது. எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. ஓர் அச்சில் அனுமதித்ததைவிட 20 சதவீதம் கூடுதலாக ஏற்றினால் சேதம் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு டன் அச்சுள்ள காரையும் பத்து டன் அச்சுள்ள லாரியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு. சாலையின் வகையைப் பொறுத்து அந்த அடுக்கு கொஞ்சம் மாறும், ஆனால் திசை மாறாது. இதைச் சொல்லும்போது லாரி ஓட்டுநர்களை யாரும் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். அளவுக்கு மீறி ஏற்றச் சொல்வது பெரும்பாலும் சரக்குக்குச் சொந்தக்காரர்; கூடுதல் லாபமும் அவருக்குத்தான். ஓட்டுநருக்கு மிஞ்சுவது வெடித்த டயரும் அபராதச் சீட்டும். அபராதம் ஏற்றச் சொன்னவரைப் போய்ச் சேர வேண்டும். எடை மேடைகள் உண்மையாக வேலை செய்ய வேண்டும். ஒரு நல்ல எடை மேடை சாலைக்குச் செய்யும் நன்மையை எவ்வளவு தார் ஊற்றினாலும் செய்ய முடியாது. சுவிட்சர்லாந்து 2001 முதல் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு எடை, தூரம், புகை மூன்றையும் வைத்துக் கட்டணம் வசூலிக்கிறது. சேதத்துக்கு ஏற்றபடி விலை வைத்தால், அதிக அச்சுகளில் பாரத்தைப் பிரித்து ஏற்றும் வண்டிகளை நிறுவனங்கள் தாமாகவே வாங்கத் தொடங்கும்.

பணம் வந்துவிட்டால் மட்டும் சாலை பிழைக்காது. இங்கிலாந்தில் 1555ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒவ்வொரு ஊராரும் ஆண்டுக்கு நான்கு நாள் கூலியில்லாமல் தங்கள் சாலையில் வேலை செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. சில ஆண்டுகளில் அது ஆறு நாளானது. 1835 வரை அந்தக் கடமை சட்டத்தில் இருந்தது. மூன்று நூற்றாண்டு உழைப்பு! பிரான்சிலும் 18ஆம் நூற்றாண்டில் அப்படிக் கட்டாய உழைப்பு இருந்தது. வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர்காலத்தில் ஒரு முறை விவசாயிகளைத் திரட்டிச் சாலையில் கல் கொட்டச் செய்வார்கள். இடைப்பட்ட மாதங்களில் பார்ப்பார் இல்லை. லிமோஷ் பகுதியில் பொறியாளராக இருந்த பியர் ட்ரெசாகே என்பவர் இதிலுள்ள தவற்றைப் பிடித்தார். கட்டாய உழைப்பை நம்பாமல், சாலையை ஆண்டு முழுவதும் இடைவிடாமல் கவனிக்கும் ஏற்பாடு வேண்டும் என்றார். அப்படிக் கவனிக்க ஆள் இருந்தால் சாலையின் கனத்தையே குறைத்துவிடலாம் என்று கண்டு, குறைத்தும் காட்டினார். பின்னாளில் பிரான்சில் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு சாலைக்காவலர் என்ற முறை நிலைபெற்றது. அவர் காலையில் மண்வெட்டியோடு கிளம்புவார். அடைபட்ட வடிகாலைத் திறந்துவிடுவார், சக்கரத் தடத்தை நிரவுவார், ஒரு கல் பெயர்ந்திருந்தால் அன்றே பதிப்பார். அது அவருடைய சாலை.

எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. பராமரிப்பின் பெரும்பகுதி பெரிய எந்திரம் கேட்காத வேலை. சாலையோர மண் வளர்ந்து மேடாகி, புல் மண்டி, மழைநீர் ஓரத்துக்கு வடியாமல் சாலையிலேயே நிற்கும். அதைச் செதுக்கிவிட ஒரு மண்வெட்டி போதும். சிறுபாலத்தின் கண்ணில் குப்பை அடைத்திருந்தால் எடுத்துவிட இரண்டு பேர் போதும். மழைக்கு முன் அதை எடுக்காததால் சிறுபாலமே அடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். பல இடங்களில் சிக்கனம் என்ற பெயரில் முதலில் காணாமல் போனவர்கள் இந்தச் சாலைப்பணியாளர்கள்தான். ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விட்டு, ஒரு தலைமுறையில் அந்த வேலையையே மறக்கடித்துவிட்டோம். தயவுசெய்து அவர்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அரசு ஊழியராகவோ ஊர்க்குழுவாகவோ ஒப்பந்தத்திலோ, எப்படியானாலும் சரி. இந்தக் கிலோமீட்டரிலிருந்து அந்தக் கிலோமீட்டர் வரை இவர் பொறுப்பு என்று ஒரு மனிதர் இருக்க வேண்டும். மண் சாலைகளுக்கு இது இன்னும் பொருந்தும். தார் இல்லாத சாலையைக் காப்பாற்றுவதே நடுமேடும் வடிகாலும்தான்.

ஒப்பந்தம் என்று வந்தால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதைத் திருத்த வேண்டும். அடைத்த குழிக்கு இவ்வளவு என்று பில் போட்டால், குழி மறுபடி விழுவதில் ஒப்பந்ததாரருக்கு நஷ்டமில்லை. குழியைச் சதுரமாக வெட்டி, ஈரத்தையும் தூசியையும் நீக்கி, பக்கச் சுவரிலும் தார் பூசி, அடுக்கடுக்காக அமுக்குவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி இல்லையென்றால் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவார்கள். 1988இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வேறு வகை ஒப்பந்தத்தை ஆரம்பித்தார்கள். சாலை குறிப்பிட்ட நிலையில் இருக்கும் வரை மாதாமாதம் பணம். நிலை தவறினால் பிடித்தம். 1990களில் அர்ஜென்டினாவும் அதே வழியில், சாலையைச் சீராக்கி ஐந்தாண்டு அதைக் காக்கும் பொறுப்பையும் ஒரே ஒப்பந்தத்தில் வைத்தது. இந்த முறையில் விரிசலை இன்றைக்கே அடைப்பது ஒப்பந்ததாரரின் சொந்த நலனாகிவிடுகிறது. ஆனால் அளந்து பார்க்கும் நேர்மையான ஆள் உங்கள் பக்கம் இல்லையென்றால் இதுவும் காகிதம்தான்.

அளப்பது பற்றி ஒன்று. சாலையின் குலுக்கலை அளக்க 1982இல் பிரேசிலில் நடந்த பன்னாட்டுச் சோதனையிலிருந்து உலகம் முழுதும் ஏற்ற ஓர் அளவு கிடைத்தது: ஒரு கிலோமீட்டரில் எத்தனை மீட்டர் ஏற்ற இறக்கம் என்ற எண். பூச்சியம் என்றால் கண்ணாடி போன்ற மட்டம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த எண்ணையும், விரிசல் அளவையும், கடைசியாக எப்போது மேல்பூச்சு போட்டது என்பதையும் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரே வரைபடத்தில் வெளியிடுங்கள். எந்தச் சாலை யாருடையது என்பதையும் அதில் எழுதுங்கள். எல்லைக்கு எல்லை நடுவில், அந்தத் துறையும் இல்லை இந்தத் துறையும் இல்லை என்று அநாதையாகக் கிடக்கும் துண்டுகள் வரைபடம் போட்டால்தான் வெளியே வரும். புதிதாகத் தார் போட்ட சாலையைக் குழாய்க்கும் கேபிளுக்கும் வெட்டுகிறவர்களின் கட்டணம், வெட்டிய இடம் இரண்டும் அதே வரைபடத்தில் ஏறட்டும்.

இப்போது எனக்கு மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். ஏற்கெனவே உடைந்து கிடக்கும் சாலையில் தினமும் போகிறவருக்கு என்ன சொல்வது? நல்ல சாலைக்கு முதல் பணம் என்றால், அவர் இன்னும் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? பெரும்பாலும் ஏழைகள் வாழும் இடங்களில்தான் சாலை முதலில் உடைகிறது, கடைசியில் சரியாகிறது. என் வாதம் அவர்களை இன்னும் பின்னுக்குத் தள்ளுவதற்குப் பயன்பட்டால், நான் இதை எழுதியிருக்கவே வேண்டாம். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். உயிரைப் பறிக்கும் குழி எந்தச் சாலையில் இருந்தாலும் அதற்கு வரிசை கிடையாது, அன்றே மூட வேண்டும். முழுவதும் செத்துப்போன சாலையை மறுபடி கட்டும் பணம், புதிய சாலைகளுக்கு வைத்திருக்கும் மூலதனத் தொகையிலிருந்து வரட்டும். புதிய பாதை ஒன்றைத் தள்ளிவைத்தால் பழைய பாதைகள் பல உயிர் பெறும். அப்படிக் கட்டி முடித்த அன்றே அந்தச் சாலையையும் பராமரிப்பு வரிசையில் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பத்து ஆண்டில் அதே மக்கள் அதே குழியில் நிற்பார்கள். பராமரிப்புப் பணத்தையே மோசமான சாலையில் கொட்டிக்கொண்டிருந்தால், நல்ல சாலைகள் ஒவ்வொன்றாக மோசமான பட்டியலுக்கு வந்து சேரும். அந்தப் பட்டியல் ஒருநாளும் குறையாது. உடைந்த சாலையில் இருப்பவரின் முறை வராமல் போவதே இதனால்தான்.

புதிய சாலைக்கு ஒப்புதல் கேட்டு வரும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பக்கம் கூடுதலாகக் கேளுங்கள்: அடுத்த இருபது ஆண்டுக்கு இதைப் பராமரிக்க ஆகும் தொகை, அது வரப்போகும் வழி. அந்தப் பக்கம் காலியாக இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

நான் இப்போது பணியில் இல்லை. காலையில் நடக்கும் சாலையில், இடப்பக்கச் சக்கரத் தடத்தை ஒட்டி, சென்ற மாதம் ஒரு விரிசல் தொடங்கியிருக்கிறது. ஒரு காசின் விளிம்பு உள்ளே போகும் அகலம். நீளம் அப்போது நான்கு அடி, நேற்று பார்த்தபோது ஒன்பது அடி. சேறு இன்னும் வெளிவரவில்லை. மழைக்கு நாள் இருக்கிறது. ஒரு தார் டின், ஒரு துடைப்பம், அரைநாள் வேலை. இதற்கு யாரிடம் மனு கொடுப்பது, எந்தத் தலைப்பில் பணம் கேட்பது என்று உங்களில் ஒருவராவது பதில் எழுதுங்கள். எழுதினால் அடுத்த நாளே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சாலை ஆய்வுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவன்